எட்டுத் தோட்டாவும் ஒரு வாத்தும்

மகனே ராயப்பா,

நீ அடுத்த அறையில் பெட்டி அடுக்கிக்கொண்டிருக்கிறாய். உன் அம்மா முறுக்குச் சுட்டு டப்பாவில் போட்டுத் தருகிறேன் என்று அடுப்படிக்கும் உன் அறைக்கும் நடக்கிறாள். நடக்கிற வழியிலேயே அழுது முடித்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு உன்னிடம் வருகிறாள். நான் இந்தப் பக்கம் மேசையில் உட்கார்ந்து உனக்குக் கடிதம் எழுதுகிறேன். ஒரே வீட்டுக்குள் கடிதம் எழுதுகிற கிறுக்கன் என்று யாராவது சொன்னால் சொல்லட்டும். முப்பது வருடம் கப்பல் ஏஜெண்ட் ஆபீசில் கடிதம் எழுதியே பழகிய கை இது. வாயால் சொல்லப் போனால் பாதியில் உன்னைத் திட்ட ஆரம்பித்துவிடுவேன். அது உனக்கும் தெரியும்.

நாளை மறுநாள் வெள்ளிக்கிழமை நீ கப்பலேறுகிறாய். இரண்டு வருட ஒப்பந்தம். நீ கடலுக்குப் போக ஆசைப்பட்டவன் இல்லை. தூத்துக்குடியில் பிறந்தும் உனக்குத் தண்ணீர் என்றால் அது குளத்துத் தண்ணீர்தான். ஏரலுக்கு அப்பால் இருக்கிற அந்தக் குளத்தில் பறவைகளைக் காக்க ஓர் ஆள் வேண்டும் என்று வனத்துறையில் உன்னைத்தான் கேட்டார்கள். குளத்து ஊர்க்காரர்கள் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டால் வேலை உனக்கு. அவர்கள் போடவில்லை. ஏன் என்று நீ போய்க் கேட்கவும் இல்லை, வீட்டில் சொல்லி வருத்தப்படவும் இல்லை. அடுத்த வாரமே கப்பல் கம்பெனியில் பெயர் கொடுத்துவிட்டு வந்தாய். ஏழு வருடத்துக்கு முன்பு அந்தக் குளத்தில் நடந்த காரியத்தால்தான் ஊர் உன்னை வேண்டாம் என்கிறது என்று நினைக்கிறாய். அந்தக் காரியத்தைச் செய்தவன் நீ இல்லை, நான். அது உனக்குத் தெரியும். உனக்குத் தெரியும் என்பது எனக்கும் தெரியும். இந்த வீட்டில் நாம் இரண்டு பேரும் ஏழு வருடமாக அதைத் தாண்டித் தாண்டியே நடந்திருக்கிறோம்.

ஏன் செய்தேன் என்பதுதான் உனக்குத் தெரியாது. பொறாமையால் செய்தேன். உன் மேல் எனக்குப் பொறாமை. பிள்ளை தகப்பனை மிஞ்சினால் தகப்பனுக்குத்தான் பெருமை என்று கோயில் பிரசங்கத்தில் கேட்டிருக்கிறேன். கல்யாண வீடுகளில் நானே அதை நாலு பேரிடம் சொல்லியிருக்கிறேன், நெஞ்சில் கையை வைத்து. கைக்குக் கீழே எரிந்தது வேறு. உனக்குக் காய்ச்சல் வந்தபோதெல்லாம் உன் அம்மா மிளகாயும் உப்பும் சுற்றி அடுப்பில் போட்டு, எந்தப் பாவி கண் பட்டதோ என்று புலம்புவாள். எதிர் வீட்டுக்காரியைச் சந்தேகப்படுவாள். கொள்ளிக் கண் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து அவள் பரிமாறிய சோற்றைத் தின்றுகொண்டிருந்தது.

அந்தக் காலத்து ஞாயிற்றுக்கிழமைகளை நீயும் அனுபவித்தவன்தான். ஆனாலும் என் பக்கத்திலிருந்து சொல்கிறேன், கேள். முதல் பூசை முடிந்து கோயில் வாசலிலேயே வேன் நிற்கும். உப்பு வியாபாரி ஒருவருடைய வேன். கடைசியில் வந்து சேர்ந்த உன்னோடு நாங்கள் ஐந்து பேர், வாத்து வேட்டைப் பார்ட்டி. எல்லாரும் லைசென்ஸ் வைத்திருந்தவர்கள். கார்த்திகையில் தொடங்கி மாசி வரைக்கும், வாரத்தில் ஒரு காலை, வாத்து மட்டும். வேறு எந்தப் பறவை மேலும் குறி வைக்கக்கூடாது. அடிபட்டு விழுந்ததைத் தேடி எடுக்காமல் அடுத்த தோட்டாவைப் போடக்கூடாது. இதெல்லாம் லைசென்ஸ் காகிதத்தில் இருந்தது பாதி, நாங்களாக வைத்துக்கொண்டது பாதி. அதற்கு மேல் ஒரு சட்டம் இருந்தது, அது சுடலைமுத்து அண்ணாச்சியுடையது. மடை திறந்து வயல்களுக்குத் தண்ணீர் பங்கு வைக்கிற நீர்பாய்ச்சி அவர். குளத்தைப் பொறுத்தவரை கலெக்டரைவிடப் பெரியவர். வாத்து வயலில் இறங்கி நெல்லை மிதிக்கும், அதனால் சுட்டுக்கொள்ளலாம். குளத்துக்குள் நிற்கிற கருவேல மரங்களில் கூடு கட்டுகிற நத்தைகுத்தி நாரையையும் அரிவாள்மூக்கனையும் தொடக்கூடாது. அவற்றின் எச்சம் விழுந்த தண்ணீர் பாய்ந்தால் வயலுக்கு வேறு உரம் வேண்டாம். கூடு கட்டத் தொடங்கிவிட்டது என்று அண்ணாச்சிக்குத் தோன்றிவிட்டால் தன் தோள் துண்டை மடைக்கல்லில் கட்டிவிடுவார். துண்டைக் கண்டால் வேன் கரையில் ஏறாது, திரும்பிவிடும். ஒரு தடவை நாகர்கோவிலில் இருந்து வந்த பெரிய மனுஷர் ஒருவர் மல்லுக்கு நின்று பார்த்தார். நாங்களே அவரை வேனில் ஏற்றிக் கூட்டி வந்துவிட்டோம்.

அந்தக் கரையில் நிற்க ஐந்து இடங்கள் உண்டு. வடக்குக் கரையில் உள்ளதுதான் முதல் இடம். முதல் வெடிக்குக் கிளம்புகிற கிளுவை வாத்தும் ஊசிவால் வாத்தும் ஆற்றைப் பார்த்து அந்தப் பக்கம்தான் திரும்பும். குறைந்த தோட்டாவில் நிறையப் பறவை எடுத்தவன் யாரோ, அடுத்த வருடம் அவனுக்கு அந்த இடம். பதினொரு வருடம் அங்கே நான் நின்றேன். ஆபீசில் எனக்கு மேல் ஆறு பேர் இருந்தார்கள். சொத்தில் என் தம்பி என்னைவிடப் பெரியவன். கோயில் திருவிழாவில் கொடிமரத்துக்குப் பக்கத்தில் நிற்க எனக்கு இடம் கிடையாது. உலகத்தில் எனக்கென்று இருந்த முதல் இடம் அது ஒன்றுதான். இதைச் சொன்னால் சிறுபிள்ளைத்தனமாகத் தெரியும். ஆனால் இதைச் சொல்லாமல் மற்றதைச் சொன்னால் உனக்குப் புரியாது.

உனக்கு லைசென்ஸ் வந்த வருடம் நீ ஐந்தாவது இடத்தில் நின்றாய். அடுத்த வருடம் மூன்றாவது. அதற்கும் அடுத்த வருடம், உனக்கு இருபத்தோரு வயது, வடக்குக் கரை உனக்கு. நான் இரண்டாவது இடத்தில் நின்று உன் முதுகைப் பார்த்தேன். நீ அவசரமே பட மாட்டாய். பறவை கிளம்பிய பிறகும் துப்பாக்கி உன் கையில் கீழேயே இருக்கும், எப்போது தூக்கினாய் என்று தெரியாது, வாத்து விழுந்திருக்கும். ஏரல் டீக்கடையில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வாத்துக் குழம்பு ஊற்றிக்கொண்டே உன் அம்மா சொன்னாள், “இது ராயப்பன் சுட்டதுதான். பல்லுல ஒரு ஈய ரவை படல பாரும்.” அவள் எதையும் நினைத்துச் சொல்லவில்லை. நான் சுட்டு வருவதைச் சுத்தம் பண்ணிக் களைத்தவள், உண்மையைச் சொன்னாள். பசியில்லை என்று தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தேன். அன்று சாயங்காலம் உன் சைக்கிள் நடைவழியில் நிற்கிறது என்று உன்னை வாய்க்கு வந்தபடி ஏசினேன். சைக்கிளுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நீ பேசாமல் சைக்கிளை எடுத்துச் சுவரோரம் வைத்தாய். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசியிருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும்.

திறமை என்று ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை. ஆகவே வேறு காரணம் தேடினேன். நான் கடையில் வாங்கின கம்பெனித் தோட்டா போடுகிறவன். நீ பித்தளைக் கூடுகளில் நீயே வெடிமருந்து அளந்து போட்டு, அட்டை வில்லை வைத்து, ரவை நிரப்பி, மேலே மெழுகு ஊற்றுவாய். வீட்டுக்கு வருகிற கல்யாண அழைப்பிதழ்களையெல்லாம் உன் அம்மாவிடம் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டு, அந்த ரோஸ் நிற அட்டையில் வட்டம் வட்டமாக வெட்டுவாய். ரகசியம் அந்தத் தோட்டாவில்தான் இருக்கிறது என்று முடிவு பண்ணினேன். என்ன அளவில் மருந்து போடுகிறாய் என்று ஒருநாள் கேட்டேன். எல்லாரும் போடுகிற அளவுதான் அப்பா என்றாய். என்னிடம் மறைக்கிறான் என்று நினைத்தேன். திருடனுக்கு ஊரெல்லாம் திருடன்.

அந்த வருடம் கூடு கட்டுவது முந்திவிட்டது. மார்கழி பிறந்த வாரமே மடைக்கல்லில் துண்டு ஏறிவிட்டது. வேன் போகவில்லை. வடக்குக் கரை உன் பெயரிலேயே நின்றுவிட்டது, இனி அடுத்த கார்த்திகைதான். எனக்குத் தூக்கம் வரவில்லை. தை மாதம் ஒரு வெள்ளிக்கிழமை ஆபீசுக்கு லீவு சொன்னேன், நாசரேத்தில் ஒரு வேலை என்று உன் அம்மாவிடம் சொன்னேன். நீ உப்பளத்து ஆபீசுக்குப் போக இன்னும் எழுந்திருக்கவில்லை. உன் பெட்டியிலிருந்து எட்டுத் தோட்டா எடுத்துக்கொண்டேன். துப்பாக்கியைக் கித்தான் பையில் சுற்றி முதல் பஸ்ஸில் ஏறினேன். துண்டு கட்டியது பார்ட்டிக்குத்தானே, தனியாளுக்கு என்ன என்று வழியெல்லாம் எனக்கு நானே வக்கீலாக வாதாடினேன். மடைக்கல்லைத் தாண்டும்போது அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை.

வடக்குக் கரையில், உன் இடத்தில் நின்றேன். முதல் வெடிக்கு ஒரு கிளுவை விழுந்தது. தோட்டாவில்தான் ரகசியம் என்று சிரித்தேன். அதற்குப் பிறகு ஒன்றும் விழவில்லை. வீணாகிப் போன ஒவ்வொரு தோட்டாவுக்கும் எனக்கு வெறி ஏறியது. வாத்துகள் தாழப் பறந்து கருவேல மரங்களுக்கு மேலாகத் திரும்பின. நான் துப்பாக்கியை அவற்றோடு திருப்பினேன், எங்கே திருப்புகிறேன் என்று பார்க்கவில்லை. கடைசி மூன்று வெடியும் மரத்துக்குள்தான் போயிருக்க வேண்டும். குளம் முழுவதும் எழுந்தது ராயப்பா. அத்தனை நாரையும் ஒரே நேரத்தில் எழுந்து சத்தமில்லாமல் சுற்றின. அவற்றுக்குக் குரல் கிடையாது என்பது உனக்குத் தெரியும், சிறகுச் சத்தம் மட்டும்தான். ஒன்று சிறகு ஒடிந்து கிளையில் தலைகீழாகத் தொங்கியது. விழுந்ததை எடுக்காமல் நகரக்கூடாது என்று ஊருக்கெல்லாம் சொன்னவன், என் வாத்தையும் எடுக்கவில்லை, அந்த நாரையையும் எடுக்கவில்லை. ஓடினேன். ஐம்பது வயதில், துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு, வாழைத் தோட்டத்துக்குள் விழுந்து எழுந்து ஓடினேன். வெடியோடு வெளியே பறந்த உன் ரோஸ் அட்டை வில்லைகள் கரையெல்லாம் உதிர்ந்து கிடக்கும் என்ற நினைவு பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் வந்தது.

அன்று சாயங்காலம் நீ பெட்டியைத் திறந்து எண்ணியதை நான் பார்த்தேன். இரண்டு தடவை எண்ணினாய். மூடி வைத்துவிட்டுச் சாப்பிட வந்தாய். ஞாயிற்றுக்கிழமை குளத்து ஊரிலிருந்து ஆட்கள் வந்து பார்ட்டியையே கூட்டிப்போனார்கள். மடைக்குப் பக்கத்தில் இருபது பேர் நின்றார்கள். கூடுகளை விட்டுப் பறவை போய்விட்டது, குஞ்சுகள் தண்ணீரில் விழுந்து செத்து மிதந்தன. சுடலைமுத்து அண்ணாச்சி உள்ளங்கையை விரித்து எட்டு ரோஸ் வில்லைகளைக் காட்டி, ஏலே, இது நீயா என்று உன்னைக் கேட்டார். நீ என்னைத் திரும்பிப் பார்ப்பாய் என்று பயந்தேன். பார்க்கவில்லை. “ஆமா அண்ணாச்சி. நாந்தான்” என்றாய். நான் உனக்கு ஒரு கை தூரத்தில் நின்றேன். என் வாயைத் திறக்க எனக்கு அங்கே எவ்வளவோ நேரம் இருந்தது. இனி நீ இந்தக் கரைக்குத் துப்பாக்கியோடு வரக்கூடாது என்றார்கள். சரி என்றாய். அந்த வாரமே துப்பாக்கியை விற்றாய், லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்தாய். உன் அம்மா ஏன் என்று கேட்டதற்கு அலுத்துவிட்டது என்றாய்.

இதற்கு அடுத்ததை எழுதத்தான் எனக்குக் கை கூசுகிறது. எனக்கு வெட்கமாக இருந்தது, ஆனால் வெட்கம் மட்டும் இல்லை. சந்தோஷமாகவும் இருந்தது. பார்ட்டியில் வடக்குக் கரையை எனக்கே திருப்பிக் கொடுத்தார்கள், நான் வாங்கிக்கொண்டேன். நாரை திரும்பி வராத அந்தக் குளத்தில் அடுத்த கார்த்திகையில் அங்கே போய் நின்று சுட்டேன். நல்லாவும் சுட்டேன். பக்கத்தில் நீ இல்லை அல்லவா.

பிறகு அரசாங்கம் சட்டம் கொண்டுவந்து வேட்டையையே நிறுத்தியது. அன்று நமக்குள் நடந்த வாக்குவாதம் உனக்கு நினைவிருக்கும். வேட்டைக்காரன்தான் காவல்காரன் என்று மேசையைத் தட்டினேன். அடுத்த வருடம் வாத்து வேண்டும் என்று நினைக்கிறவன்தான் இந்த வருடம் குளத்தைப் பார்த்துக்கொள்வான், நாங்கள் போகிற நாட்களில் வலைக்காரன் ஒருவன் தலைகாட்டியதுண்டா, எத்தனை வலையைப் பிடுங்கி எரித்திருக்கிறோம், எந்த மாதம் எந்தப் பறவை எத்தனை வந்தது என்று பதினாலு வருடமாக நோட்டில் எழுதி வைத்தவன் நானா உன் வனத்துறையா என்று கேட்டேன். நீ மெதுவாகச் சொன்னாய், “காவல்காரனுக்கு ஆசை வராத வரைக்கும் அது சரிதான்ப்பா.” நான் கத்துவதை நிறுத்தினேன். வேறு யாருக்கும் ஏன் என்று புரிந்திருக்காது.

நான் சொன்னதிலும் உண்மை இருந்தது, அதை இன்றும் விட்டுக்கொடுக்க மாட்டேன். நாங்கள் போவது நின்றதும் வலைக்காரர்கள் வந்தார்கள். கிளுவையைக் கால் கட்டி ஜோடி ஜோடியாகச் சந்தையில் விற்றதை நீயே பார்த்து, அந்தக் கோபத்தில்தானே சைக்கிளும் பைனாகுலருமாக அங்கே போக ஆரம்பித்தாய். சுடுகிறவன் எல்லாரும் கொலைகாரன் என்று நினைக்காதே. ஒழுங்காகச் சுட்டவர்கள் இருந்தார்கள், அவர்களால் அந்தக் குளம் பிழைத்தும் இருந்தது. ஆனால் அந்த ஒழுங்கு முழுவதும் யாரும் பார்க்காத ஒரு வெள்ளிக்கிழமைக் காலையில் ஒருத்தன் மனசு எப்படி இருக்கிறது என்பதில்தான் நிற்கிறது. என் மனசு எப்படி இருந்தது என்று சொல்லிவிட்டேன். சட்டம் என் போன்றவனுக்காகத்தான் வந்தது.

பொறாமை அதோடு போய்விட்டதா என்றால் இல்லை. போன வருடம் வனத்துறை ரேஞ்சர் நம் வீட்டுக்கு வந்து, ராயப்பன் சார் இருக்கிறாரா என்று என்னைக் கேட்டார். நீ எழுதி வருகிற பறவைக் கணக்கு நோட்டை ஒரு மணி நேரம் புரட்டினார். பழைய கணக்கு எதுவும் இருந்தால் பெரிய உதவி, அப்போது எத்தனை வந்தது என்று தெரிந்தால்தான் இப்போது குறைந்ததா கூடியதா என்று சொல்ல முடியும் என்றார். நீ என்னைப் பார்த்தாய். என் நோட்டைக் கறையான் தின்றுவிட்டது என்றேன். தின்னவில்லை. என் அலமாரியில் துணிக்கு அடியில் இருக்கிறது. இந்தக் கடிதத்தோடு அதையும் உன் பெட்டி மேல் வைக்கிறேன். அந்தத் தை மாத வெள்ளிக்கிழமைக்குரிய பக்கம் காலியாக இருந்தது. நேற்று எழுதினேன். தோட்டா எட்டு, கிளுவை ஒன்று, நாரை கண்ணில் பட்டது ஒன்று, படாதது தெரியாது, என் பெயர்.

திங்கள்கிழமை நான் ஏரலுக்குப் போனது சந்தைக்கு இல்லை. அந்த ஊருக்குப் போனேன். சுடலைமுத்து அண்ணாச்சி மடைக்குப் பக்கத்தில் மண்வெட்டிக்குப் புதுக் கைப்பிடிக் கணை போட்டுக்கொண்டிருந்தார். இன்னும் நாலைந்து பேர் இருந்தார்கள். சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும், உனக்கு இப்போது எழுதிய மாதிரியே. யாராவது அடிப்பார்கள் என்று எதிர்பார்த்தேன். அண்ணாச்சி கணையை இறுக்கி முடித்தார். பிறகு சொன்னார், “எட்டு அட்டை கெடந்துச்சு. விழுந்தது ஒத்த வாத்து. உம்ம மவன் சுட்டிருந்தா எட்டுக்கு எட்டு விழுந்திருக்கும்லா. அது நீருதான்னு எங்களுக்கு அன்னைக்கே தெரியும்.” சுற்றி நின்றவர்கள் சிரிக்கக்கூட இல்லை. ஏழு வருடமாக அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. சட்டம் வந்த பிறகு மாதத்துக்கு இரண்டு தடவையாவது நான் அந்தக் கரையில் போய்ச் சும்மா உட்கார்ந்துவிட்டு வருகிறேன். அப்போதெல்லாம் தெரிந்துகொண்டேதான் எனக்கு மோர் கொடுத்திருக்கிறார்கள். அந்த நேரத்தில் எனக்கு எது உறைத்தது தெரியுமா? தெரிந்துவிட்டதே என்பது இல்லை. எப்படித் தெரிந்தது என்பதுதான். குற்றத்தை ஒப்புக்கொள்ளப் போன இடத்திலும் நீ என்னைவிட நன்றாகச் சுடுவாய் என்றுதான் கேட்டுவிட்டு வந்தேன்.

தெரிந்திருந்தும் ஏன் அவனுக்குக் கையெழுத்துப் போடவில்லை என்று கேட்டேன். உன்னை வேண்டாம் என்றது சுட்டதற்காக இல்லையாம். “சுடாதவன் சுட்டேன்னு சொன்னாம் பாத்தீரா, அதுக்குத்தான். அப்பனுக்காவ ஒரு தடவ பொய் சொன்னவன் மறு தடவையும் சொல்லுவான். நாளைக்கு நீரே துப்பாக்கியத் தூக்கிட்டு வந்து நின்னா அவன் எதப் பாப்பான், பறவையவா உம்மையா? காவலுக்கு அப்படி ஆள் எங்களுக்கு ஆவாது.” அன்று மடைக்கு முன்னால் நீ சொன்ன பிறகு, நான் வாயைத் திறப்பேன் என்று அவர்கள் காத்திருந்தார்களாம். நீ நல்ல மகன் என்பதில் ஊருக்குச் சந்தேகமே இல்லை. அதனால்தான் நீ அவர்களுக்கு வேண்டாம். இதைக் கேட்டுக்கொள் ராயப்பா, உனக்குப் புத்தி சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை, அண்ணாச்சி சொன்னதைத்தான் சொல்கிறேன். அன்றைக்கு நீ என்னைக் காப்பாற்றவில்லை. என்னை அப்படியே இருக்க விட்டாய். உன்னையும் கெடுத்துக்கொண்டாய். பெற்றவன் மேல் இருக்க வேண்டிய இரக்கம் வேறு, காவல் வேறு.

இப்போது நானே வந்து சொல்லிவிட்டதால் நீ மறைக்க ஒன்றும் இல்லை, கையெழுத்துப் போடுகிறோம் என்றார்கள். ஒரே ஒரு நிபந்தனை. நீ அங்கே காவலுக்கு நிற்கிற வரைக்கும் நான் அந்தக் கரையில் கால் வைக்கக்கூடாது. துப்பாக்கி இல்லாமல் சும்மா பார்க்க வந்தால் என்ன என்று கேட்டேன். கெஞ்சினேன் என்றே வைத்துக்கொள். தகப்பனும் மகனும் ஒரே கரையில் நின்றால் ஊர் மகனை நம்பாது என்றார் அண்ணாச்சி. “அவன் கப்பலுக்குப் போயிட்டாம்னா நீரு எப்பவும் போல வாரும். ஒரு ஓரமா இருந்து பாத்துட்டுப் போவும். ஒருத்தரும் ஒண்ணும் சொல்ல மாட்டோம்.” அந்த ஆள் என்னை நன்றாக எடை போட்டுத்தான் இதைச் சொன்னார் என்று நினைக்கிறேன்.

திங்கள்கிழமை மத்தியானம் நான் திரும்பி வந்துவிட்டேன். செவ்வாய்க்கிழமை முழுவதும் உன்னிடம் சொல்லவில்லை. நீ கயிறு வாங்க என்னைக் கடைக்கு அனுப்பினாய், போய் நல்ல கயிறாகப் பார்த்து வாங்கி வந்தேன். நீ கப்பலேறினால் கரை எனக்கு, நீ நின்றால் கரை உனக்கு. ஒரு தகப்பன் இதில் யோசிக்க என்ன இருக்கிறது? நான் ஒன்றரை நாள் யோசித்தேன். இன்று காலையில் உன் அம்மா அந்தக் கயிற்றை எடுத்து உன் பெட்டியைக் கட்டப் போனபோதுதான் காகிதத்தை எடுத்தேன்.

பெட்டியைப் பிரித்துவிடு. கப்பல் கம்பெனியில் நான் போய்ப் பேசிக்கொள்கிறேன், அங்கே எனக்கு ஆள் தெரியும். நாளைக்கே ஊருக்குப் போய்க் கையெழுத்தை வாங்கு. இனி ஒவ்வொரு காலையிலும் அங்கே நீ மட்டும் நின்று பார்ப்பாய் என்று நினைத்தால் எனக்கு இப்போதே வயிறு எரிகிறது. நான் திருந்திவிட்டேன் என்று எண்ணி ஏமாறாதே. இந்த வருடம் இல்லாவிட்டால் அடுத்த வருடம், என்னால் பொறுக்க முடியாமல் ஒருநாள் அந்தக் கரையில் நான் வந்து நிற்பேன். அப்போது என்னை அப்பா என்று கூப்பிடாதே. பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டு திருப்பி அனுப்பு.

இப்படிக்கு,
உன் அப்பா